டேங்கர் வாங்குவதா, வால்வு வைப்பதா? கிராமத்துத் தீக்குத் தண்ணீர் சேர்க்கும் ஐந்து வழிகள்

திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் பக்கம் ஒரு சிற்றூர். போன சித்திரையில் அங்கே ஒரு சோளத்தட்டுப் போரும் அதை ஒட்டியிருந்த மாட்டுச் சாளையும் எரிந்துபோயின. மாடுகளை அவிழ்த்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. தங்கை வீட்டு விருந்துக்குப் போயிருந்த நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.

தண்ணீர் வராமல் இல்லை. தண்ணீர் விற்கிற டிராக்டர் டேங்கர் ஒன்று பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது, 5,000 லிட்டரும் நிறைய. ஆனால் அதில் பம்ப் கிடையாது. பின்னால் இருந்த 3 அங்குல வால்வைத் திறந்ததும் தண்ணீர் முழங்கால் உயரத்தில் கொட்டியது. குடத்தில் பிடித்துப் பிடித்து எறிந்தார்கள். வெக்கையில் இருபதடிக்குள் யாராலும் நெருங்க முடியவில்லை. டேங்கர் காலியானபோது களம் முழுக்கச் சேறு. தீ மேலே ஏறிவிட்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு ஹோஸ் போட்டு அடித்தார்கள். எட்டு நிமிடத்தில் வண்டித் தண்ணீர் தீர்ந்தது. நிரப்பப் போன டிராக்டர் அப்போதுதான் திரும்பி வந்தது, அதுவும் பாதிதான். தீப்பிடித்த இடத்துக்கு மேலே கம்பி போகிறது என்று லைன்மேன் டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டார். அதே டிரான்ஸ்பார்மரில்தான் டேங்கர் நிரப்பும் கிணற்று மோட்டாரும். சரி, இருக்கிற பாதியையாவது வண்டிக்கு ஏற்றலாம் என்றால், தீயணைப்பு வீரர் வால்வைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி இருக்குதுங்கண்ணா. இந்த வாய்க்கு எங்க ஹோஸ் சேராது." கடைசியில் இரண்டு பையன்கள் வண்டி மேலே ஏறி, மூடியைத் திறந்து, பக்கத்துத் தோட்டத்து மருந்தடிக்கும் மோட்டாரின் குழாயை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்கப்புறம் ஊர் இளைஞர்கள், திருப்பூரில் கம்பெனி நடத்தும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரின் உதவியோடு, பணம் சேர்த்தார்கள். சொந்தமாக டேங்கர் வாங்கலாமா, வேறு ஏதாவது செய்யலாமா என்று என்னைக் கேட்டார்கள். தென்னந்தோப்பும் நார் மில்லும் இருக்கிற வேறு சில ஊர்களிலிருந்தும் இதே கேள்வி வந்திருப்பதால், அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

டேங்கர் என்றதும் எல்லாரும் கேட்பது "எத்தனை லிட்டர்?" அந்தக் கேள்வியை நான் கடைசியில்தான் வைப்பேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை.

முதல் தண்ணீர் எப்போது வரும்? பக்கத்துத் தீயணைப்பு நிலையம் 20 கிலோமீட்டர் என்றால், 101-க்கோ 112-க்கோ போன் போட்டதிலிருந்து அரை மணி நேரம் ஊர்க்காரர்கள் கையில்தான். ஓலைக் கூரைக்கு அந்த அரை மணி நேரமே அதிகம்.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தொடர்ந்து வந்து சேரும்? முதல் வண்டி காலியான பின் என்ன நடக்கிறது என்பதுதான் இது.

மின்சாரம் இல்லாமல் நடக்குமா? தீ என்றால் கரண்ட்டை நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும். மோட்டாரை நம்பிய ஏற்பாடு எல்லாம் அங்கேயே நின்றுபோகும்.

தீயணைப்பு வண்டியோடு பொருந்துமா? அவர்கள் ஹோஸ் 63 மி.மீ., உள்ளே தள்ளினால் மாட்டிக்கொள்ளும் இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங் (இணைப்பு வாய்). நம் டேங்கர்களில் இருப்பது 3 அங்குல, 4 அங்குல மரை வால்வு. இரண்டும் சேராது.

வண்டி அங்கே போகுமா? ஒரு லிட்டர் ஒரு கிலோ. 12,000 லிட்டர் லாரி, வண்டி எடையையும் சேர்த்தால் 18 டன்னைத் தொடும். வாய்க்கால் மேல் இருக்கும் பழைய கல்பாலம் அதைத் தாங்குமா என்று தீப்பிடித்த பிறகு யோசிக்க முடியாது.

ராத்திரி ஒரு மணிக்குச் சாவி யாரிடம்? இதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற ஐந்துக்கும் அர்த்தமில்லை.

## ஒரு சின்னக் கணக்கு

தீயணைப்புத் துறையில் ஒரு வாய்பாடு உண்டு. நாசில் (ஹோஸ் நுனியில் தண்ணீரைப் பீய்ச்சும் முனை) வாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி, அதை அழுத்தத்தின் (பார் அளவில்) வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 15 மி.மீ. நாசில், 3.5 பார் அழுத்தம் என்றால் சுமார் 280 லிட்டர். இரண்டு ஹோஸ் என்றால் 560. சாதாரணத் தீயணைப்பு வண்டியில் 4,500 லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் எட்டு நிமிடம். அன்றைக்கு நடந்ததும் அதுதான்.

இப்போது டேங்கர் நடையைப் பார்ப்போம். தண்ணீர் இருக்குமிடம் 3 கிலோமீட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர், நிறைய இருக்கும்போது மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் 12 நிமிடம். காலியாகத் திரும்ப 20 கிலோமீட்டர் வேகத்தில் 9 நிமிடம். 3 அங்குல வால்வில் இறக்க 8 நிமிடம். கிணற்று மோட்டார் நிமிடத்துக்கு 250 லிட்டர் தள்ளினால் நிரப்ப 20 நிமிடம். மொத்தம் 49 நிமிடம். அதாவது தீக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 102 லிட்டர்தான் வந்து சேர்கிறது. அரை ஹோஸுக்குக்கூடக் காணாது.

"அப்போ பெரிய லாரியா வாங்கிடலாம்" என்று தோன்றும். 12,000 லிட்டர் லாரி, போகவர 12 நிமிடம், இறக்க 12, அதே மோட்டாரில் நிரப்ப 48. மொத்தம் 72 நிமிடம். நிமிடத்துக்கு 167 லிட்டர்.

இனி அதே சின்ன டிராக்டர் டேங்கரை எடுத்து, நிரப்பும் இடத்தை மட்டும் மாற்றுவோம். 20 நிமிடம் பிடிக்கிற வேலை 5 நிமிடத்தில் முடிந்தால் சுற்று 34 நிமிடமாகிறது. நிமிடத்துக்கு 147 லிட்டர். இரண்டரை மடங்கு பெரிய லாரி தருவதற்குக் கிட்டத்தட்ட சமம். இப்படி இரண்டு டிராக்டர் ஓடினால் 294. ஒரு ஹோஸ் நிற்காமல் ஓடும்.

கிணற்றடியில் மூன்று டேங்கர், நான்கு டேங்கர் என்று சேர்த்தால்? மோட்டார் 250 லிட்டர் தள்ளுகிறது என்றால், பத்து டேங்கர் நின்றாலும் 250-க்கு மேல் தீக்குப் போகாது. மிச்சம் எல்லாம் வரிசையில் நிற்கும். ஊர்க்காரர்கள் சேர்த்த பணத்தை எங்கே போடுவது என்பதற்கு எனக்கு இந்தக் கணக்கே பதில் சொல்லிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## 1. தண்ணீர் விற்கும் டேங்கர்களைக் கூப்பிடுவது

பணம் போட வேண்டாம். வண்டி தினமும் ஓடுவதால் பேட்டரி, டயர், டிரைவர் எல்லாம் தயார். எங்கள் பக்கத்தில் கோடையில் ஊருக்கு இரண்டு மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அது அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, நிறைய இருக்கிறதா, காலியா என்பது அவர்களுக்கே தெரியாது. கோடையில் தீ அதிகம். அப்போதுதான் தண்ணீர் வியாபாரமும் அதிகம். கல்யாண மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் வண்டியைத் திருப்பச் சொன்னால் அவர் திருப்புவார். ஆனால் அதற்கப்புறம் அந்த நடைக்குக் காசு யார் தருவது? தீ அணைந்த மறுநாள் இதைக் கேட்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அவர் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை போன் எடுக்க யோசிப்பார். ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே ஒரு நடைக்கு இவ்வளவு, மறுநாளே ஊர்ப் பணத்திலிருந்து என்று பேசி எழுதி வைத்துவிட வேண்டும். இது ஒன்றுதான் இதற்கான செலவு. கூடவே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அடாப்டர்: ஒரு பக்கம் அவர்கள் வால்வின் மரை, மறுபக்கம் 63 மி.மீ. கப்ளிங். கோவையில் தீயணைப்புச் சாதனக் கடைகளில் கப்ளிங் கிடைக்கும். மரையை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

## 2. ஊருக்குச் சொந்தமாக டிராக்டர் டேங்கர், பம்போடு

எல்லாருக்கும் பிடித்தது இதுதான். பெயர் எழுதி, மாலை போட்டு, போட்டோ எடுக்கலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நன்கொடை கொடுப்பவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற பொருள் வேண்டும் என்பது நியாயமானதுதான்.

நிறைய நிறுத்தி வைத்திருந்தால் முதல் பத்து நிமிடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. பம்ப் இருப்பதுதான் இதன் உயிர். 3 அங்குல பெட்ரோல் பம்ப் ஒன்றைப் பின்னால் பொருத்தினால், உயரம் குறைவாக இருக்கும்போது நிமிடத்துக்கு 800 முதல் 1,000 லிட்டர்வரை தள்ளும். நிரப்பவும் அதையே கழற்றிப் பயன்படுத்தலாம். ஹோஸ் நுனியில் 2 பார் அழுத்தமும் 12 மி.மீ. நாசிலும் வைத்தால் சுமார் 135 லிட்டர். 5,000 லிட்டர் முப்பத்தேழு நிமிடம் ஓடும். தீயணைப்பு வண்டி வருகிறவரை பக்கத்துக் கூரைகளை நனைத்துக்கொண்டிருக்க இது போதும்.

மறைந்த செலவுகள்தான் இங்கே அதிகம். டேங்கர் மட்டும் வாங்கினால் இழுக்க டிராக்டர்? யாரோ ஒருவருடைய டிராக்டர் என்றால், அது உழவுக்குப் போன நாளில் டேங்கர் வெறும் இரும்புப் பெட்டி. விவசாயத்துக்கு என்று பதிவான டிராக்டரை வேறு வேலைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டில் தகராறு வரும். முன்பே கேட்டுவிடுவது நல்லது. தண்ணீரோடு நிறுத்தி வைத்தால் உள்ளே துருப்பிடிக்கும், வால்வு இறுகும். பெட்ரோல் பம்பை மாதம் ஒருமுறை ஓட்டாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. ஊர் டேங்கர் என்றால் கல்யாணம், கருமாதி, காங்கிரீட் போடுவது, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் மனஸ்தாபம். கொடுத்தால் தீப்பிடித்த அன்று அது யாரோ வீட்டு வாசலில் பாதித் தண்ணீரோடு நிற்கும். வாடகைக்கு விட்டு அந்தக் காசில் பராமரிக்கலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றோடு அது முதல் வழியில் சொன்ன வாடகை டேங்கராகவே ஆகிவிடுகிறது, ஊர்ப் பணம் செலவானது மட்டும் மிச்சம்.

பட்டறையில் சொல்லிச் செய்வதாக இருந்தால் உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்கச் சொல்லுங்கள், குறுக்காகவும் நெடுக்காகவும். பாதித் தண்ணீரோடு வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரே பக்கம் ஓடி வண்டியைக் கவிழ்த்துவிடும். பிரேக் இல்லாத டிரெய்லர், சரிவான மண் பாதை, தீ என்ற அவசரம், இந்த மூன்றும் சேரும் இடத்தில் டிரைவராக இருப்பது பெரும்பாலும் இருபது வயதுப் பையன்.

## 3. மேல்நிலைத் தொட்டியடியில் ஒரு பெரிய வால்வு

எனக்குப் பிடித்தது இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேங்கர் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சின்னது. குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டீ இணைப்பு, 4 அங்குல வால்வு, டேங்கர் மேல்மூடிக்கு எட்டுகிற உயரத்தில் வளைந்த குழாய், அதிலேயே கீழே 63 மி.மீ. கப்ளிங் ஒன்று. தீயணைப்பு வண்டி நேராக வந்து மாட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் உயரத்தில் இருக்கிறது, கீழே வர மின்சாரம் வேண்டாம். பன்னிரண்டு மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து 4 அங்குலக் குழாய் நேராக இறங்கினால் 5,000 லிட்டர் 5 நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். மேலே கணக்கில் சொன்ன 20-ஐ 5 ஆக்குவது இந்த வால்வுதான். வீடுகளுக்குப் போகிற 2 அங்குலக் குழாயில் ஒரு கேட் வால்வு வைத்துவிட்டு "நாங்களும் வைத்துவிட்டோம்" என்றால் நடக்காது. குழாய் தொட்டியிலிருந்து தனியாக, 4 அங்குலம் குறையாமல் வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிராமத்தில் காலையில் தண்ணீர் விட்டுவிடுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொட்டியில் என்ன இருக்கும்? அடியில் ஒரு சாண். சித்திரை வெயிலில் தீப்பிடிக்கிற நேரமும் அதுதான். அதனால் வால்வு வைப்பதோடு நிற்காமல், வீடுகளுக்குப் போகும் குழாயின் வாயைத் தொட்டிக்கு உள்ளே ஒன்றரை அடி, இரண்டு அடி உயர்த்திவிட வேண்டும். தீக்கான குழாய் மட்டும் அடியிலிருந்து எடுக்கும். 30,000 லிட்டர் தொட்டியில் இப்படிப் பத்தாயிரம் லிட்டர் எப்போதும் நிற்கும். மேலிருந்து விழும் புதுத் தண்ணீர் கலந்துகொண்டே இருப்பதால் அது கெட்டுப்போகாது. தொட்டி கழுவுகிற நாளில் மொத்தமாக இறக்கிவிடலாம்.

செலவு பணத்தில் இல்லை, அலைச்சலில். ஊராட்சித் தீர்மானம், ஒன்றியப் பொறியாளர் ஒப்புதல், கூட்டுக் குடிநீர்த் திட்டத் தொட்டி என்றால் இன்னொரு படி. "குடிதண்ணியைத் தீக்கா விடறது?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். இரண்டு அடி குறைவதால் தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற புகாரும் வரும், அதில் நியாயமும் இருக்கும். மோட்டார் கூடுதலாக அரை மணி நேரம் ஓட வேண்டியிருக்கும்.

தொட்டி ஊர் நடுவில் இருக்கும். நான்கு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துச் சாளை (தோட்டத்திலேயே இருக்கும் வீடு) எரிந்தால் வால்வால் நேரடியாக ஒன்றும் ஆகாது, டேங்கர் ஓட வேண்டும்.

## 4. குட்டை, நிலத்தொட்டி: நிற்கும் தண்ணீரிலிருந்து உறிஞ்சுவது

கிணறுதான் ஊர் முழுக்க இருக்கிறதே, தீயணைப்பு வண்டியே குழாய் போட்டு உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கக் கிணறுகள் 80 அடி, 100 அடி. மேலே நிற்கிற எந்தப் பம்பும், அது எத்தனை எச்.பி. ஆனாலும், காற்றழுத்தத்தை நம்பித்தான் உறிஞ்சுகிறது. கணக்குப்படி அதன் எல்லை 10.3 மீட்டர்; நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டரைத் தாண்டினால் தண்ணீர் ஏறாது. இருபது அடிக்குக் கீழே தண்ணீர் கிடக்கிற கிணறு தீயணைப்பு வண்டிக்குக் கிணறே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்வெல் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாய்க்காலும் அப்படித்தான். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். நம் முறை இல்லாத மாதங்களில் வாய்க்காலில் ஆடுதான் மேயும்.

பண்ணைக்குட்டை வேறு கதை. 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 6 லட்சம் லிட்டர். கரைச் சரிவைக் கழித்துப் பாதி என்று வைத்தாலும் அறுபது டிராக்டர் டேங்கர் தண்ணீர், அதுவும் உறிஞ்ச வசதியான ஆழத்தில். சொட்டுநீருக்காகப் பாலித்தீன் விரித்த குட்டைகள் தென்னந்தோப்புகளில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக வெட்ட வேண்டியதில்லை. வண்டி கரையோரம் வந்து நிற்க மழையிலும் புதையாத கிராவல் மேடை, வாயில் வலை கட்டி, காலி கேனில் மிதக்கவிட்ட உறிஞ்சுகுழாய், அதன் மறுநுனியில் கப்ளிங். இவ்வளவுதான் வேலை.

நார் மில் எரிந்தால் குட்டை இல்லாமல் சமாளிக்க முடியாது. நார்க்கழிவுக் குவியல் மேலே அணைந்த மாதிரி இருந்து உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஜே.சி.பி. வைத்துக் கிளறிக் கிளறி, மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். அதை டேங்கர் ஓட்டி அணைப்பது ஸ்பூனால் குளம் இறைக்கிற மாதிரி.

பாலித்தீன் விரித்த குட்டையில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. விழுந்தவர்கள் ஏற முடியாது. பாசி படிந்த பாலித்தீன் வழுக்கும். குழந்தை என்றில்லை, நீச்சல் தெரிந்த பெரியவரும் திணறுவார். வேலி, கரையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் முடிச்சுக் கயிறு, இரண்டு பழைய டயர் டியூப் ஆகியவற்றை முதல் செலவாகவே சேர்க்க வேண்டும். அப்புறம், கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிவிடும், தென்னைக்கும் இறைப்பார்கள். வைகாசியில் குட்டையில் என்ன மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும். குட்டைக்காரரிடம் "இந்தக் கோட்டுக்குக் கீழே இறைக்க மாட்டேன்" என்று ஒரு சொல் வாங்கிக் கரையில் கோடு போட்டுவிடலாம்.

குட்டைக்கு இடமில்லாத மில்லும் பள்ளியும் நிலத்தொட்டி கட்டலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், காட்டுத்தீ அபாயமுள்ள, குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் வீடு கட்டுகிறவர் மனையின் அளவைப் பொறுத்து 5,000 முதல் 20,000 லிட்டர்வரை தீக்கென்றே தேக்கி வைக்க வேண்டும். தொட்டியில் 65 மி.மீ. ஸ்டோர்ஸ் வகைக் கப்ளிங் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. லிட்டரோடு கப்ளிங்கையும் எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு அன்றைய "ஹோஸ் சேராது" நினைவுக்கு வந்தது.

## 5. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்

இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிராக்டரிலோ மினி லாரியிலோ 500 லிட்டர் டேங்க், மேலே பவர் ஸ்பிரேயர். நிமிடத்துக்கு முப்பது லிட்டர்தான், ஆனால் நல்ல அழுத்தம், நூறு மீட்டர் ஹோஸ். பதினாறு நிமிடம் ஓடும். காய்ந்த புல், வேலியோரத் தீ, அப்போதுதான் பற்றிய கூரை ஓரம், இவற்றுக்கு இதுவே போதும். சந்துக்குள் போகும். முற்றிய தீக்கு எதற்கும் ஆகாது. பூச்சிமருந்து மிச்சம் இருக்கிற டேங்க் என்றால் காற்று அடிக்கும் பக்கம் நிற்கிறவர் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். சீசன் முடிந்ததும் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் தண்ணீர் | தொடர்ச்சி | கரண்ட் இல்லாமல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வாடகை டேங்கர் | அதிர்ஷ்டம் | நிரப்பும் இடத்தைப் பொறுத்தது | கிணற்றில் நிரப்பினால் நடக்காது | நடைக்கூலித் தகராறு, அடாப்டர் |
| சொந்த டேங்கர், பம்போடு | மிக நன்று, நிறைய இருந்தால் | நிரப்பும் இடத்தைப் பொறுத்தது | பெட்ரோல் பம்ப் இருந்தால் நடக்கும் | டிராக்டர், டிரைவர், துரு, இரவல் |
| தொட்டி வால்வு | ஊருக்குள் நன்று | சிறப்பு, தொட்டியில் இருக்கும்வரை | நடக்கும் | அனுமதி, குடிநீர்ப் புகார் |
| குட்டை, நிலத்தொட்டி | பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டும் | மிகச் சிறப்பு | நடக்கும் | வேலி, மேடை, கோடையில் வற்றுவது |
| பவர் ஸ்பிரேயர் | மிக வேகம் | இல்லை | நடக்கும் | மருந்து மிச்சம் |

## எந்த ஊருக்கு எது

வீடுகள் நெருக்கமாக, தொட்டியைச் சுற்றியே இருக்கிற ஊர் என்றால் வால்வு. ஏற்கெனவே இரண்டு மூன்று டேங்கர்கள் தண்ணீர் விற்கிற ஊரில் சொந்தமாக இன்னொன்று வாங்குவது வீண். இருக்கிற வண்டிகளுக்கு அடாப்டரும், ஊர்ப் பொதுவில் ஒரு பெட்ரோல் பம்பும் 30 மீட்டர் ஹோஸ் இரண்டும் போதும்.

சாளைகள் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கிற ஊரில் தொட்டி எட்டாது. நான்கைந்து குட்டைகளைத் தேர்ந்தெடுத்து, வழியைச் சரிசெய்து, ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களின் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.

சொந்த டேங்கர் எப்போது சரி? விற்கிற டேங்கரே இல்லாத ஊர், டிராக்டரும் சம்பளத்துக்கு ஓர் ஆளும் இருக்கிற ஊராட்சி அல்லது கூட்டுறவுச் சங்கம், இரவல் கேட்டால் "இல்லீங்க" என்று சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர். மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

எந்த வழியானாலும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிராமங்களில் டேங்கர் தீயணைப்பு வண்டியோடு ஒட்டி நின்று மெல்லமெல்ல இறக்குவதில்லை. மடக்கும் தொட்டி ஒன்றைத் தரையில் விரித்து அதில் மொத்தமாகக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடும். வண்டி அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அவர்கள் தரவிதிப்படி டேங்கர் நிமிடத்துக்கு 1,000 அமெரிக்கக் காலன், சுமார் 3,800 லிட்டர், இறக்க வேண்டும். நம் 3 அங்குல வால்வில் அது நடக்காதுதான், ஆனால் தொட்டி நமக்கும் கஷ்டமில்லை. டிராக்டர் டிரெய்லரில் தார்ப்பாய் விரித்தால் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் நிற்கும். தீயணைப்பு வண்டி அதில் குழாயைப் போட்டுக்கொண்டால், டேங்கர் மாறுகிற இடைவெளியில் ஹோஸ் நிற்காது. கப்ளிங் சேராத பிரச்சினையும் அன்றைக்கு இதில் தீர்ந்திருக்கும். அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

## வெள்ளகோவில் பக்கத்து ஊரில்

அவர்கள் டேங்கர் வாங்கவில்லை. தொட்டியடியில் வால்வு, தண்ணீர் விற்கும் மூன்று வண்டிகளுக்கு அடாப்டர், ஒரு பெட்ரோல் பம்ப், ஹோஸ், இரண்டு குட்டைகளுக்குக் கிராவல் மேடை. திருப்பூர்க்காரர்களில் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். தொட்டித் தூணில் பெயர் எழுதிக்கொள்ளச் சொல்லிச் சமாதானம் செய்தார்கள். வால்வுப் பெட்டிக்கு மூன்று சாவி. ஒன்று தண்ணீர் திறந்துவிடுபவரிடம், ஒன்று பஸ் நிறுத்தத்து டீக்கடையில், ஒன்று ராத்திரிக்கென்று கோயில் பூசாரி வீட்டில்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தார்கள். 5,000 லிட்டர் நிரம்ப 6 நிமிடம் 40 வினாடி. கணக்கில் சொன்னதைவிட அதிகம். கப்ளிங்கில் லேசாக ஒழுகியது. வாஷர் வாங்க ஒருவர் கோவைக்குப் போயிருக்கிறார்.